கால் தமனி அடைப்பில் எச்.டி.எல்.: அளவும் செயல்திறனும்

கேள்வி சுருக்கமாக இது. அறுபது வயதைத் தாண்டிய ஒருவருக்குக் கால் தமனிகளில் அடைப்பு இருப்பது உறுதியாகியிருக்கிறது; கொஞ்ச தூரம் நடந்தாலே ஆடுசதையில் வலி பிடிக்கிறது, நின்றால் விடுகிறது. இரத்தப் பரிசோதனையில் மொத்தக் கொலஸ்ட்ரால் 150, ‘கெட்ட கொலஸ்ட்ரால்’ எனப்படும் எல்.டி.எல். 68, இரத்தக் கொழுப்பின் இன்னொரு வகையான ட்ரைகிளிசரைடு 240, ‘நல்ல கொலஸ்ட்ரால்’ எனப்படும் எச்.டி.எல். 34 (எல்லாம் டெசிலிட்டருக்கு மில்லிகிராமில்). மற்றவையெல்லாம் சரியாக இருக்க எச்.டி.எல். மட்டும்தான் குறைவு என்கிறார்கள். அதை உயர்த்தினால் காலின் அடைப்பு குறையுமா? அளவைவிட அதன் செயல்திறன்தான் முக்கியம் என்றும் படித்திருக்கிறேன். அதைச் சோதித்துப் பார்க்க வழியுண்டா?

முதலில் விடையைச் சொல்லிவிட்டு, காரணங்களைப் பிறகு விரிக்கிறேன். கால் தமனி நோயில் குறைந்த எச்.டி.எல். ஒரு கெட்ட அறிகுறிதான், ஆனால் அந்த எண்ணை மருந்தால் உயர்த்துவது சிகிச்சையாகாது என்பது பல பெரிய ஆய்வுகளுக்குப் பிறகு தெளிவாகிவிட்டது. செயல்திறன் என்பது உண்மையான ஒன்று. அதை ஆய்வுக்கூடத்தில் அளக்கவும் முடிகிறது. ஆனால் ஒரு நோயாளிக்கு என்ன மருந்து கொடுப்பது என்று முடிவெடுக்க உதவும் பரிசோதனையாக அது இன்னும் ஆகவில்லை. மேலும், அந்த அறிக்கையில் மற்றவையெல்லாம் சரி என்று சொன்னதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். அதைக் கடைசியில் பார்ப்போம்.

புறத்தமனி நோய் என்று மருத்துவர்கள் சொல்வது பெரும்பாலும் கால்களுக்கு இரத்தம் கொண்டுசெல்லும் தமனிகளில் கொழுப்புப் படிவு தடித்து வழி குறுகிப்போவதைத்தான். இதைக் கண்டறியும் எளிய முறை, கணுக்காலில் அளக்கும் சிஸ்டாலிக் (மேல் எண்) இரத்த அழுத்தத்தைக் கையில் அளப்பதோடு ஒப்பிடுவது. கையில் 140, கணுக்காலில் 96 என்றால் விகிதம் சுமார் 0.69; அது 0.90 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அடைப்பு உண்டு என்று கொள்ளப்படுகிறது. இந்த விகிதம் காலைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. பல நாடுகளின் மக்கள்தொகை ஆய்வுகளைச் சேர்த்து 2008இல் வெளியான ஒரு பகுப்பாய்வில், விகிதம் 0.90க்குக் கீழே இருந்த ஆண்களில் பத்து ஆண்டுகளுக்குள் இதய, இரத்தக்குழாய் நோயால் இறந்தவர்கள் 18.7 சதவீதம், விகிதம் இயல்பாக இருந்தவர்களில் 4.4 சதவீதம். ஆகவே இந்த நோயில் விளைவு என்று பேசும்போது மூன்றைச் சேர்த்தே பேச வேண்டும்: எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது, கால் காப்பாற்றப்படுகிறதா, மாரடைப்பும் பக்கவாதமும் தவிர்க்கப்படுகின்றனவா. எச்.டி.எல். பற்றிய பெரும்பாலான ஆய்வுகள் மூன்றாவதை மட்டுமே எண்ணியவை. இதை மறந்துவிட்டால் படிப்பதெல்லாம் காலுக்கும் பொருந்தும் என்று தோன்றிவிடும்.

எச்.டி.எல். அளவுக்கும் கால் தமனி நோய்க்கும் உள்ள தொடர்பில் ஐயமில்லை; சொல்லப்போனால் இதய நாளங்களைவிடக் கால் தமனிகளில் இந்தத் தொடர்பு அழுத்தமாகவே தெரிகிறது. அமெரிக்க ஆண் மருத்துவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், புறத்தமனி நோய் வந்த 140 பேரை வராத 140 பேரோடு 2001இல் ஒப்பிட்டபோது, கொழுப்பு அளவீடுகளில் மிக வலுவாக முன்னறிவித்தது எல்.டி.எல். அல்ல, மொத்தக் கொலஸ்ட்ராலை எச்.டி.எல்.லால் வகுத்து வரும் விகிதம்தான். 2018இல் வெளியான பெண்களின் ஆய்வு இன்னும் வியப்பானது. 27,888 பெண்களைச் சுமார் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்ததில் 110 பேருக்குக் கால் தமனி நோய் வந்தது. வழக்கமாக அளக்கும் எல்.டி.எல். கொலஸ்ட்ராலுக்கும் அதற்கும் தெளிவான தொடர்பு தெரியவில்லை, ஆனால் குறைந்த எச்.டி.எல்., உயர்ந்த ட்ரைகிளிசரைடு, சிறிய எல்.டி.எல். துகள்களின் எண்ணிக்கை ஆகியவற்றோடு தொடர்பு இருந்தது. குறைந்த எச்.டி.எல்., உயர்ந்த ட்ரைகிளிசரைடு, சிறிய அடர்ந்த எல்.டி.எல். துகள்கள் என்னும் இந்த மூன்றும் ஒரே வீட்டுக்காரர்கள். இன்சுலின் தடுப்புநிலை (உடல் இன்சுலினுக்குச் சரியாக இணங்காத நிலை), நீரிழிவு, வயிற்றைச் சுற்றிய பருமன், புகைப்பழக்கம் இருக்கும் இடத்தில் இவை ஒன்றாகவே வந்து சேரும். கால் தமனி நோயும் அதே இடத்தில்தான் மிகுதியாக வருகிறது. எனவே குறைந்த எச்.டி.எல். தானே குற்றவாளியா, குற்றம் நடந்த இடத்தில் எப்போதும் காணப்படும் ஆளா என்பதுதான் அடுத்த கேள்வி.

இதற்கு முன், ஆய்வக அறிக்கையில் அச்சாகும் எச்.டி.எல். எண் உண்மையில் எதை அளக்கிறது என்று பார்த்துவிடலாம். எச்.டி.எல். என்பது ஒரே பொருள் அல்ல. ஏறத்தாழ 7 முதல் 12 நானோமீட்டர் விட்டமுள்ள, வெவ்வேறு உள்ளடக்கங்கள் கொண்ட துகள்களின் கூட்டம். அதன் முதன்மைப் புரதம் அப்போ ஏ-1. அதோடு எண்பதுக்கும் மேற்பட்ட வேறு புரதங்கள் இத்துகள்களில் இருப்பது கண்டறியப்பட்டிருக்கிறது. வீக்கத்தை (அழற்சியை) தணிப்பவை, ஆக்சிஜனேற்றத்தைத் தடுப்பவை, இரத்த உறைதலோடு தொடர்புள்ளவை என்று அவை பலவகை. அறிக்கையில் உள்ள எண் இத்துகள்களின் எண்ணிக்கையையோ அவை செய்யும் வேலையையோ சொல்வதில்லை. இரத்தம் எடுத்த அந்த நேரத்தில் அவற்றுக்குள் இருக்கும் கொலஸ்ட்ராலின் அளவை மட்டுமே சொல்கிறது. ஆற்றில் நீர் எவ்வளவு ஆழம் நிற்கிறது என்று அளந்து, அது எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று சொல்ல முடியாது. கல்லீரலில் கொலஸ்ட்ராலை இறக்கிவைக்கும் ஏற்பி (துகளைப் பற்றிக்கொள்ளும் செல்மேற்பரப்புப் புரதம்) பழுதானாலும் எச்.டி.எல். எண் உயரும். அப்படி அந்த ஏற்பியின் மரபணுவில் அரிய மாற்றம் உள்ளவர்களுக்கு எச்.டி.எல். மிக அதிகமாக இருந்தும் இதயநோய் ஆபத்து கூடியே இருந்தது என்பது 2016இல் காட்டப்பட்டது.

இனி அந்தத் துகள் செய்யும் வேலைகள். முதலாவதும் மிகப் பழமையானதும், 1960களிலேயே முன்வைக்கப்பட்டதுமான வேலை, திசுக்களிலிருந்து கொலஸ்ட்ராலை எடுத்துக் கல்லீரலுக்குக் கொண்டுசேர்ப்பது. தமனிச் சுவருக்குள் எல்.டி.எல். துகள்களை விழுங்கி விழுங்கி நுரைபோல் உப்பிப்போன மேக்ரோஃபேஜ் என்னும் வெள்ளணு வகைச் செல்கள், ஏ.பி.சி.ஏ.1, ஏ.பி.சி.ஜி.1 என்னும் கடத்திகளின் வழியாகத் தம் கொலஸ்ட்ராலை அப்போ ஏ-1க்கும் எச்.டி.எல். துகளுக்கும் கொடுக்கின்றன. நோய்க்கு மிக முக்கியமான வழி இதுதான். ஆனால் மேக்ரோஃபேஜ்களிலிருந்து வரும் கொலஸ்ட்ரால், எச்.டி.எல்.லில் உள்ள மொத்தக் கொலஸ்ட்ராலில் மிகச் சிறு பங்குதான், பெரும்பகுதி கல்லீரலிலிருந்தும் குடலிலிருந்தும் வருகிறது. ஆகவே அந்த வழி முழுதாக அடைபட்டாலும் அறிக்கையின் எண்ணில் அது தெரியாமல் போகலாம்.

இரண்டாவது வேலைதான் காலுக்கு நெருக்கமானது என்று நான் கருதுகிறேன். எச்.டி.எல். துகள் தமனியின் உட்சுவர்ச் செல்களில் ஓர் ஏற்பியோடு இணைந்து, நைட்ரிக் ஆக்சைடு உருவாக்கும் நொதியைத் தூண்டுகிறது. தமனி விரிகிறது, இரத்தத் தட்டணுக்கள் ஒட்டுவது குறைகிறது. அப்போ எம் என்னும் புரதத்தின் வழியாக அத்துகள் சுமந்துவரும் ஸ்ஃபிங்கோசின்-1-பாஸ்பேட் என்னும் சிறு மூலக்கூறும் உட்சுவர்ச் செல்களின் உயிர்வாழ்வுக்கும் கட்டுக்கோப்புக்கும் உதவுகிறது. வெள்ளணுக்கள் சுவரில் ஒட்டுவதற்குப் பயன்படும் ஒட்டு மூலக்கூறுகள் முளைப்பதையும் எச்.டி.எல். குறைக்கிறது. தொடைத் தமனி அடைபட்ட காலைப் பெரிதும் தாங்கி நிற்பவை, அடைப்பைச் சுற்றிக்கொண்டு வளரும் பக்கக் குழாய்கள்; அவை வளரவும் விரியவும் நைட்ரிக் ஆக்சைடு தேவை. எலிகளின் பின்னங்கால் தமனியைக் கட்டிவிட்டு, ஆய்வுக்கூடத்தில் மறுஆக்கம் செய்த எச்.டி.எல்.லைச் செலுத்தியபோது அந்தக் காலின் இரத்த ஓட்டம் மேம்பட்டதையும், நைட்ரிக் ஆக்சைடு நொதி இல்லாத எலிகளில் அந்தப் பயன் காணாமற்போனதையும் 2007இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. எலி எலிதான், ஆனால் இயங்குமுறை இருப்பது அங்கே தெளிவு.

இத்தனை நல்ல வேலைகள் செய்யும் துகள் நோயாளியின் உடலில் அதே துகளாக இருப்பதில்லை என்பதுதான் சிக்கல். நீடித்த வீக்கம் உள்ளபோது கல்லீரல் பெருமளவில் சுரக்கும் சீரம் அமிலாய்டு ஏ என்னும் புரதம் எச்.டி.எல்.லில் ஏறி அமர்ந்து அப்போ ஏ-1ஐ இடம்பெயர்க்கிறது. வெள்ளணுக்களிலிருந்து வரும் மையலோபெராக்ஸிடேஸ் என்னும் நொதி, தமனிச் சுவருக்குள்ளேயே அப்போ ஏ-1இன் குறிப்பிட்ட அமினோ அமிலங்களைச் சிதைத்து, கொலஸ்ட்ராலை ஏற்றுக்கொள்ளும் அதன் ஆற்றலைக் கெடுக்கிறது. நீரிழிவில் புரதங்களின்மீது சர்க்கரை படிகிறது. 2010இல் வெளியான ஆய்வில், நீரிழிவு உள்ளவர்களின் எச்.டி.எல். உட்சுவர்ச் செல்களில் நைட்ரிக் ஆக்சைடைத் தூண்டும் ஆற்றலைப் பெரிதும் இழந்திருந்தது. மறுஆண்டில் இதய நாள நோயாளிகளின் எச்.டி.எல்.லிலும் அதே குறை காணப்பட்டது. சிறுநீரக நோயும் புகையும் தத்தம் வழியில் இதையே செய்கின்றன. நீரிழிவு, புகை, சிறுநீரகக் குறைபாடு, நீடித்த வீக்கம் என்று எச்.டி.எல்.லைக் கெடுப்பவற்றை வரிசைப்படுத்தினால், கால் தமனி நோய்க்கான ஆபத்துக் காரணிகளின் வரிசையையே ஏறத்தாழ எழுதிவிட்டோம். எண் 34ஆக இருக்கும் ஒருவரின் எச்.டி.எல். அளவில் மட்டுமல்லாமல் தரத்திலும் குறைந்திருக்க வாய்ப்பு மிகுதி. எண் 60ஆக இருந்தாலும் தரம் நல்லது என்பதற்கு உறுதியில்லை.

அப்படியானால் தரத்தையே அளந்துவிடலாமே என்று கேட்பீர்கள். அதிகம் பயன்படும் சோதனை இப்படி நடக்கிறது: ஆய்வுக்கூடத்தில் வளர்க்கும் சுண்டெலி மேக்ரோஃபேஜ் செல்களில் கதிரியக்க அடையாளமிட்ட கொலஸ்ட்ராலை ஏற்றிவைப்பார்கள், நோயாளியின் சீரத்திலிருந்து (உறைந்த இரத்தத்திலிருந்து பிரியும் தெளிந்த நீர்ப்பகுதி) எல்.டி.எல். முதலிய பெரிய துகள்களைப் படியவைத்து நீக்கிவிட்டு, எஞ்சியதை அச்செல்களின்மேல் சில மணி நேரம் வைப்பார்கள். செல்களிலிருந்து எத்தனை சதவீதம் கொலஸ்ட்ரால் வெளியேறியது என்று கணக்கிடுவார்கள். கொலஸ்ட்ரால் வெளியேற்றத் திறன் என்று இதற்குப் பெயர். உயிருள்ள செல்கள் வேண்டும், ஒவ்வொரு முறையும் ஒரே நிலையில் வேண்டும், கதிரியக்கப் பொருளைக் கையாள அனுமதி வேண்டும். கதிரியக்கத்துக்குப் பதிலாக ஒளிரும் சாயத்தைப் பயன்படுத்தும் முறையும் உண்டு. ஆனால் இரு முறைகளின் விடைகளும் ஒன்றோடொன்று நன்றாகப் பொருந்துவதில்லை. நோயாளியின் வாசலுக்கு வரும் பரிசோதனையாக இது ஆகாததற்கு இவையே போதுமான காரணங்கள்.

ஆனாலும் ஆராய்ச்சிக் கருவியாக இது சொன்னவை புறக்கணிக்க முடியாதவை. 2011இல் முதல் பெரிய ஆய்வு, வெளியேற்றத் திறன் குறைந்தவர்களுக்குக் கழுத்துத் தமனிச் சுவர் தடித்திருப்பதையும் இதய நாள நோய் மிகுந்திருப்பதையும், எச்.டி.எல். எண்ணைக் கணக்கில் எடுத்த பிறகும் அது மாறாததையும் காட்டியது. 2014இல் டல்லாஸ் நகர மக்களில் இதயநோய் இல்லாத 2,924 பேரைச் சராசரியாக 9.4 ஆண்டுகள் தொடர்ந்தபோது, வெளியேற்றத் திறன் மிக உயர்ந்த கால்பகுதியினருக்கு மிகத் தாழ்ந்த கால்பகுதியினரைவிட இதய, மூளை நிகழ்வுகள் 67 சதவீதம் குறைவாக இருந்தன; வழக்கமான எச்.டி.எல். எண்ணுக்கோ, மற்றக் காரணிகளைச் சரிசெய்த பிறகு, எந்தத் தொடர்பும் இல்லை. ஆனால் அங்கே எண்ணப்பட்டவை மாரடைப்பு, பக்கவாதம், இதய நாளச் சிகிச்சை, இதயநோய் மரணம் ஆகியவையே, கால் எண்ணப்படவில்லை. இன்னொரு பக்கம், 2013இல் வெளியான ஓர் ஆய்வு, வெளியேற்றத் திறன் மிகுந்தவர்களுக்குப் பிற்காலத்தில் மாரடைப்பும் பக்கவாதமும் மரணமும் அதிகமாக இருந்ததாகவும் கண்டது. யாரை ஆய்வில் சேர்க்கிறோம், சீரத்தை எப்படித் தயாரிக்கிறோம் என்பதைப் பொறுத்து விடை திரும்பிவிடுகிற ஒரு சோதனையை வைத்து ஒருவரின் காலைப் பற்றி ஆரூடம் சொல்ல எனக்குத் துணிவில்லை.

எண்ணை உயர்த்திப் பார்த்த கதைக்கு வருவோம். நவீன மருத்துவத்தில் இவ்வளவு பணமும் நம்பிக்கையும் இறைத்துத் தோற்ற முயற்சிகள் சிலவே இருக்கும். எச்.டி.எல்.லிலிருந்து கொலஸ்ட்ரால் மற்றத் துகள்களுக்கு மாறுவதைத் தடுக்கும் டார்செட்ராபிப் என்னும் மருந்து, 15,067 பேரிடம் எச்.டி.எல்.லை 72 சதவீதம் உயர்த்தியது, எல்.டி.எல்.லைக் கால்பங்கு குறைக்கவும் செய்தது. ஆனால் மருந்து எடுத்தவர்களில் மரணம் மிகுந்ததால் 2006 இறுதியில் ஆய்வு நிறுத்தப்பட்டது. இரத்த அழுத்தத்தை உயர்த்தியது உட்பட அந்த மருந்துக்கே உரிய தீங்குகள் இருந்தன என்பது உண்மைதான். ஆனால் அப்படிப்பட்ட தீங்கில்லாத டால்செட்ராபிப் 2012இல் பயனின்றி முடிந்தது; எச்.டி.எல்.லை இரட்டிப்புக்கும் மேலாக உயர்த்திய எவாசெட்ராபிப்பும் 2017இல் அப்படியே. அதே குடும்பத்து அனாசெட்ராபிப் மட்டும் 30,449 பேரில் நிகழ்வுகளை 9 சதவீதம் குறைத்தது. அந்தச் சிறு பயனும் எச்.டி.எல். அல்லாத கொலஸ்ட்ரால் குறைந்ததற்கு நேர்விகிதமாகவே இருந்தது. நியாசின் என்னும் வைட்டமின் மருந்து 3,414 பேர் கொண்ட ஓர் ஆய்விலும் 25,673 பேர் கொண்ட மற்றோர் ஆய்விலும் எல்.டி.எல்.லைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்தோடு சேர்த்துக் கொடுத்தபோது பயன் தரவில்லை. இரண்டாவதில் கடுமையான பக்கவிளைவுகளும் கூடின. அவ்விரண்டு ஆய்வுகளிலும் புறத்தமனி நோயாளிகளும் சேர்க்கப்பட்டிருந்தார்கள்.

மரபணு ஆய்வுகளும் இதே பக்கம்தான் சாய்ந்தன. பிறப்பிலேயே எச்.டி.எல். மட்டும் சற்று உயர்ந்திருக்கச் செய்யும் ஒரு மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கு மாரடைப்பு 13 சதவீதம் குறைந்திருக்க வேண்டும் என்பது பழைய கணக்கு. 2012இல் பெரும் எண்ணிக்கையில் பார்த்தபோது துளியும் குறையவில்லை. ஆக, முன்பு எழுப்பிய கேள்விக்கு என் விடை, எச்.டி.எல். எண் பெரும்பாலும் அங்கே காணப்படும் ஆள்தான் என்பது.

எண்ணை விட்டுவிட்டு வேலையையே கூட்டினால்? இங்கேதான் கால் தமனி நோயில் செய்யப்பட்ட, அதிகம் பேசப்படாத ஒரு சிறிய ஆய்வு வருகிறது. 2008இல் வெளியான அதில், நடந்தால் கால் வலிக்கும் 20 நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு மறுஆக்கம் செய்த எச்.டி.எல். ஒரே ஒருமுறை சிரை வழியாகச் செலுத்தப்பட்டது. மற்றவர்களுக்கு வெறும் கரைசல். ஐந்து முதல் ஏழு நாள்களுக்குப் பிறகு, எப்படியும் செய்யவிருந்த தொடைத் தமனிச் சிகிச்சையின்போது சுரண்டி எடுத்த படிவைச் சோதித்தார்கள். எச்.டி.எல். பெற்றவர்களின் படிவில் கொழுப்பு குறைந்திருந்தது, மேக்ரோஃபேஜ் செல்கள் சிறுத்திருந்தன, வீக்கத்தைக் காட்டும் ஒட்டு மூலக்கூறு குறைந்திருந்தது. மனிதக் காலின் படிவையே கையிலெடுத்துப் பார்த்து, ஒரு வாரத்துக்குள் மாற்றம் நிகழ்கிறது என்று காட்டியது சிறு செய்தியல்ல. ஆனால் அவர்கள் கூடுதல் தூரம் நடந்தார்களா, கால் பிழைத்ததா என்பதைச் சொல்லும் அளவுக்கு அந்த ஆய்வு பெரியதல்ல, அதற்காகத் திட்டமிடப்பட்டதுமல்ல.

அந்த எண்ணத்தின் பெரிய சோதனை 2024இல் முடிந்தது. மனித இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த அப்போ ஏ-1ஐ, அண்மையில் மாரடைப்பு வந்த 18,219 பேரில் பாதிப் பேருக்கு வாரம் ஒருமுறையாக நான்கு முறை செலுத்தினார்கள். இம்மருந்து வெளியேற்றத் திறனைப் பன்மடங்கு உயர்த்தும் என்பது முன்பே அறியப்பட்டது. ஆயினும் முதல் 90 நாள்களில் இதயநோய் மரணம், மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவை புள்ளியியல் நோக்கில் ஏற்கத்தக்க அளவு குறையவில்லை. செயல்திறன் கோட்பாடு இதோடு இறந்துவிட்டது என்று சிலர் சொல்கிறார்கள். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். நான்கு வார மருந்து பல பத்தாண்டுகளில் படிந்ததை மாற்றப் போதாமல் இருக்கலாம். வெளியேற்றம் என்னும் ஒரு வேலை மட்டும் உயர்ந்து, உட்சுவரைக் காக்கும் வேலை உயராமல் இருந்திருக்கலாம். ஏற்கெனவே நல்ல ஸ்டாட்டின் சிகிச்சையில் இருந்தவர்களுக்கு மிச்சமிருந்த இடம் குறைவு. ஆனால் மாற்று விளக்கங்கள் இருப்பது வேறு, சான்று இருப்பது வேறு. இன்றைய நிலையில் எச்.டி.எல். செயல்திறனை உயர்த்திக் காலைக் காப்பாற்றினோம் என்று காட்டும் சான்று இல்லை.

கால் தமனிகளை இதய நாளங்களின் நகலாக நினைப்பதும் தவறு. தொடைப் பகுதியில் கொழுப்புப் படிவு மேலோங்கியிருக்கும். முழங்காலுக்குக் கீழே, அதிலும் நீரிழிவு உள்ளவர்களிடம், தமனியின் நடுச்சுவரில் சுண்ணாம்பு படிவதும், உள்ளே இரத்தக்கட்டு தங்கி வழியை மூடுவதும் பெரும்பங்கு வகிக்கின்றன. படிவிலிருந்து கொலஸ்ட்ராலை வெளியேற்றும் திறன், கொலஸ்ட்ரால் அதிகம் இல்லாத அந்த அடைப்பில் என்ன செய்துவிடும்? அங்கே எச்.டி.எல். உதவக்கூடும் என்றால் அது உட்சுவரையும் பக்கக் குழாய்களையும் நுண்குழாய்களையும் காக்கும் வழியில்தான் இருக்கும். கால் தமனி நோயில் எச்.டி.எல். செயல்திறனை ஆராய்கிறவர்கள் வெளியேற்றத் திறனைவிட அந்தத் திறன்களை அளப்பதே பயனுள்ளது என்பது என் கருத்து.

காலுக்கு உண்மையில் பயன் தந்தவை எவை? ஸ்டாட்டின் முதலிடம். பிரிட்டனில் நடந்த பெரிய சிம்வாஸ்டாட்டின் ஆய்வில் 6,748 புறத்தமனி நோயாளிகள் இருந்தார்கள். அவர்களிடம் பெரிய இரத்தக்குழாய் நிகழ்வுகள் ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்று மேலாகக் குறைந்தன, தொடக்கக் கொலஸ்ட்ரால் அளவு எதுவாக இருந்தாலும். ஸ்டாட்டினோடு எவோலோகுமாப் என்னும் ஊசி மருந்தைச் சேர்த்த 27,564 பேர் ஆய்வில், திடீர்க் கால் அடைப்பு, பெரிய உறுப்பு நீக்கம், அவசரக் குழாய்ச் சிகிச்சை ஆகியவை சேர்ந்து 42 சதவீதம் குறைந்ததாக 2018இல் வெளியாயிற்று. கால் தொடர்பான விளைவில் இவ்வளவு தெளிவான பயனைத் தந்தது எல்.டி.எல்.லைக் குறைத்ததுதான், எச்.டி.எல்.லைக் கூட்டியதல்ல. ஃபீனோஃபைப்ரேட் பற்றியும் ஒரு வரி: நீரிழிவு உள்ள 9,795 பேரின் ஆய்வில் அது உறுப்பு நீக்கத்தை 36 சதவீதம் குறைத்தது, பெரும்பாலும் விரல் போன்ற சிறு நீக்கங்களை; ஆனால் ஆய்வு முடியும்போது எச்.டி.எல். உயர்வு பெயரளவுக்கே இருந்தது. நடைத் தூரத்தைக் கூட்டும் சிலோஸ்டசால் எச்.டி.எல்.லைச் சுமார் 10 சதவீதம் உயர்த்துகிறது, ஆனால் அதன் பயன் குழாய்கள் விரிவதாலும் தட்டணுக்கள் ஒட்டாமல் போவதாலும் வருவது என்றே கருதப்படுகிறது. இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு அதைக் கொடுக்கக் கூடாது.

இப்போது அந்த அறிக்கைக்குத் திரும்பினால், மொத்தம் 150 என்பது கண்ணுக்குக் குளிர்ச்சியான எண். அதிலிருந்து எச்.டி.எல். 34ஐக் கழித்தால் 116 வருகிறது. தமனியில் படியக்கூடிய எல்லாத் துகள்களிலும் உள்ள கொலஸ்ட்ரால் அது. ஐரோப்பிய வழிகாட்டுதல்கள் கால் தமனி நோய் உள்ளவரை மிக உயர்ந்த ஆபத்தில் உள்ளவராகக் கொண்டு, எல்.டி.எல். 55க்குக் கீழேயும், மருந்துக்கு முன்பிருந்ததில் பாதிக்கு மேல் குறைந்தும், எச்.டி.எல். அல்லாத கொலஸ்ட்ரால் 85க்குக் கீழேயும் இருக்க வேண்டும் என்கின்றன. எனவே 68 சரியல்ல, 116 கண்டிப்பாகச் சரியல்ல. எச்.டி.எல். குறைவாக இருப்பதாலேயே மொத்த எண் அழகாகத் தெரிந்தது. ட்ரைகிளிசரைடு 240ஆக இருக்கும்போது கணக்கிட்டு வரும் எல்.டி.எல். எண் உண்மையைக் குறைத்துக் காட்டவும் கூடும். அதனால் தமனியில் படியக்கூடிய துகள்களின் எண்ணிக்கையைக் காட்டும் அப்போ பி என்னும் புரதத்தின் அளவை ஒருமுறை பார்ப்பது நல்லது. ஸ்டாட்டினின் அளவைக் கூட்டுவதா, குடலில் கொலஸ்ட்ரால் உறிஞ்சப்படுவதைத் தடுக்கும் எசெடிமிப் மாத்திரையைச் சேர்ப்பதா, ஊசி மருந்துக்குப் போவதா என்பது மருத்துவர் நோயாளியைப் பார்த்து முடிவு செய்ய வேண்டியது.

அதே அறிக்கையில் எச்.டி.எல். 34 சொல்லும் செய்தியையும் வீணாக்கக் கூடாது. அதோடு ட்ரைகிளிசரைடும் உயர்ந்திருப்பதால், நீரிழிவு இதுவரை கண்டறியப்படாமல் இருக்கிறதா என்று, சில மாதங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி சோதனையைப் பார்க்க வேண்டும். புகைக்கிறவரா என்று வெளிப்படையாகக் கேட்க வேண்டும். புகையை நிறுத்தினால் எச்.டி.எல். சராசரியாக 4 மில்லிகிராம் போல உயரும், ஒழுங்கான உடற்பயிற்சி 2 அல்லது 3 சேர்க்கும். எண்ணாகப் பார்த்தால் இவை அற்பம். ஆனால் புகையை விட்டவரின் கால் காப்பாற்றப்படும் வாய்ப்பும், மேற்பார்வையில் வாரம் மூன்று முறை வலி வரும்வரை நடந்து, நின்று, மீண்டும் நடந்து பழகுகிறவரின் நடைத் தூரமும் எந்த எச்.டி.எல். மருந்தும் தராத அளவுக்கு மேம்படுகின்றன. பயிற்சிக்குப் பிறகும் எண் 36லேயே நின்றால் பயன் இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். நடக்க முடிந்த தூரத்தைக் குறித்துவைத்துப் பாருங்கள்.

எண் மிக உயர்ந்திருப்பவர்களுக்கும் ஒரு சொல். கோபன்ஹேகனில் 116,508 பேரைத் தொடர்ந்த ஆய்வில், எச்.டி.எல். 116க்கு மேல் இருந்த ஆண்களின் இறப்பு விகிதம், மிகக் குறைந்த இறப்பு காணப்பட்ட 73 என்னும் அளவில் இருந்தவர்களைவிட இருமடங்காக இருந்தது. ஆகவே எச்.டி.எல். 90 இருக்கிறதே, ஸ்டாட்டின் எதற்கு என்று கால் அடைப்பு உள்ள ஒருவர் கேட்டால், வேண்டும் என்பதே விடை. கூடுதலாக ஒரே ஒரு கொழுப்புச் சோதனைக்குச் செலவிடலாம் என்றால், எச்.டி.எல். செயல்திறனைத் தேடி அலையாமல், பெரும்பாலும் பிறப்பிலேயே நிர்ணயமாகி வாழ்நாள் முழுதும் அதிகம் மாறாத, கால் தமனி நோயோடு வலுவான தொடர்புள்ள, எல்.டி.எல். போன்ற ஒரு துகளான லிப்போபுரோட்டீன்-ஏ அளவை ஒருமுறை பார்த்துக்கொள்ளச் சொல்வேன். அது உயர்ந்திருந்தால் எல்.டி.எல். இலக்கில் விட்டுக்கொடுக்க இடமேயில்லை. உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும் அதைச் சோதித்துக்கொள்ள வேண்டும்.